தமிழ்நாட்டில் பழைய கட்டிடங்களின் இடிப்பும் பாதுகாப்பும்

நகரங்கள் மறுவளர்ச்சி அடையும்போது பழைய கட்டிடங்களை இடித்துப் புதியன கட்டுவதா, அவற்றைச் சீரமைத்துத் தொடர்ந்து பயன்படுத்துவதா என்பது உலகின் பல பகுதிகளிலும் எழும் ஒரு கேள்வியாகும். தமிழ்நாட்டில் இக்கேள்வி, சென்னை அண்ணா சாலையில் உள்ள பாரத் காப்பீட்டுக் கட்டிடத்தை இடிக்கும் பணி 2006 ஆம் ஆண்டில் தொடங்கியதை அடுத்துப் பரவலாகப் பேசப்பட்டது. அது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2010 இல் அளித்த தீர்ப்பு, கோயில், கோட்டை, அரண்மனை அல்லாத பொதுக் கட்டிடங்களின் பாதுகாப்பில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. எனினும் அத்தீர்ப்பின் பயன் பெரும்பாலும் சென்னைக்கே கிடைத்தது. விருதுநகர், சிவகாசி போன்ற வணிக நகரங்களில் உள்ள பழைய கட்டிடங்கள் அவ்வகையான பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வெளியிலேயே நெடுங்காலம் இருந்து வந்தன.

பழைய கட்டுமான முறை

தமிழ்நாட்டு நகரங்களில் 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த கட்டிடங்கள் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரம் ஆகியவற்றால் கட்டப்பட்டவை. சுவர்களே கூரையின் எடையைத் தாங்கின. கூரைகளுக்கு மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறை கையாளப்பட்டது. இதில் தேக்கு மர விட்டங்களின் மீது குறுக்குக் கட்டைகள் வைக்கப்படும். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்துடன் சாய்வாகச் செங்குத்து நிலையில் அடுக்கப்படும். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டு, தட்டோடு பதிப்பர். சாந்து உறுதி பெறுவதற்காகக் கடுக்காய், வெல்லம் முதலியன ஊறிய நீரைச் சேர்ப்பதும் வழக்கம்.

சுண்ணாம்புச் சாந்து நீராவியைக் கடத்தும் தன்மை உடையது. மழைக்காலத்தில் சுவர் உறிஞ்சும் ஈரம் வெயில் காலத்தில் வெளியேறிவிடும். இத்தகைய சுவரின் மீது பிற்காலத்தில் சிமெந்துப் பூச்சு பூசப்பட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லையும் விட்டங்களின் முனைகளையும் அரிக்கிறது. விரிசல்களில் முளைக்கும் அரசு, ஆல் ஆகியவற்றின் வேர்களும் சுவரைப் பிளக்கின்றன. எனவே, ஒரு பழைய கட்டிடம் சிதைந்திருப்பதற்கு அதன் வயது மட்டுமே காரணம் எனக் கொள்ள முடியாது. பொருந்தாத பழுதுபார்ப்பும், பழுதுபார்க்காமல் விடுதலும் பல நேரங்களில் முதன்மையான காரணங்கள் ஆகின்றன.

இடிப்புக்கான காரணங்கள்

நில மதிப்பு: கடைத்தெருவின் நடுவில் உள்ள ஓரடுக்கு அல்லது ஈரடுக்குக் கட்டிடத்தைவிட, அது நிற்கும் நிலம் பன்மடங்கு விலைபெறும். நகரமைப்பு விதிகளின்படி ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு தீர்மானிக்கிறது. பழைய கட்டிடம் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் குறைந்த பரப்பையே பயன்படுத்துகிறது எனில், மீதியை இழப்பாகவே உரிமையாளர் கருதுவார்.

வாடகைச் சட்டம்: தமிழ்நாடு கட்டிடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 குடியிருப்போரையும் கடைக்காரரையும் திடீர் வெளியேற்றத்தில் இருந்து காத்தது. அதே சட்டத்தின் 14 ஆவது பிரிவு, கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு உண்மையாகவே தேவைப்பட்டால் வாடகைதாரரை வெளியேற்ற உரிமையாளருக்கு வழி தந்தது. உரிமையாளர் கட்டிடத்தைத் தம் வசம் பெற்ற ஒரு மாதத்துக்குள் இடிப்பைத் தொடங்கி மூன்று மாதங்களுக்குள் முடிப்பதாக உறுதி அளிக்க வேண்டும். புதிய கட்டிடம் கட்டி முடிக்கப்பட்ட பின் ஐந்து ஆண்டுகளுக்கு இச்சட்டம் அதற்குப் பொருந்தாது. இதனால் குறைந்த வாடகையில் இருந்த பழைய கட்டிடத்தைப் பேணுவதில் உரிமையாளருக்கு ஆர்வம் குறைந்தது. இடிப்பதில் ஊதியம் இருந்தது. இச்சட்டத்துக்கு மாற்றாக 2017 இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 இல் நடைமுறைக்கு வந்தது.

பங்குரிமை: ஒரு வீடு இரண்டு மூன்று தலைமுறைகளில் பல பங்காளிகளுக்கு உரியதாகிவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பாடு ஏற்படாதபோது, விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதே எளிய தீர்வாகிறது. செட்டிநாட்டுப் பகுதியில் பல பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளில் விற்கப்பட்டதற்கு இது ஒரு காரணமாகும்.

சென்னையில் இழப்புகள்

சென்னையில் பல அடையாளக் கட்டிடங்கள் முதலில் தீக்கு இரையாகி, பின்னர் அவற்றின் நிலம் புதிய பயன்பாட்டுக்கு மாறியது. அண்ணா சாலையில் 1895 இல் எழுந்த ஸ்பென்சர் கட்டிடம் 1983 இல் தீயில் அழிந்தது. அவ்விடத்தில் பெரிய வணிக வளாகம் கட்டப்பட்டது. 1900 இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. பழைய புத்தகங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அச்சந்தை இருந்த இடத்தில் புறநகர் தொடர்வண்டி நிலையம் எழுந்தது. விடுதலைப் போராட்ட வீரர்கள் பலர் அடைக்கப்பட்டிருந்த சென்னை மத்திய சிறை, கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பின் 2009 இல் இடிக்கப்பட்டது.

பாரத் காப்பீட்டுக் கட்டிட வழக்கு

இக்கட்டிடம் டபிள்யூ. ஈ. சிமித் என்னும் மருந்து வணிக நிறுவனத்துக்காக 1897 இல் இந்தோ-சரசனிக் பாணியில் கட்டி முடிக்கப்பட்டது. கார்டைல் கட்டிடம் என்பது இதன் முந்தைய பெயராகும். 1934 இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் இதனை வாங்கியது. 1956 இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது, இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று.

கட்டிடம் பாதுகாப்பற்றது எனக் கூறி, கழகம் 2006 இல் இடிப்புப் பணியைத் தொடங்கியது. இதனை எதிர்த்து, இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபுரிமை அறக்கட்டளை (இன்டாக்) உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடிப்புக்குத் தடை விதித்தது. அதற்குள் கட்டிடத்தின் ஒரு பகுதி சேதமடைந்துவிட்டது.

2010 ஏப்ரலில் வழங்கப்பட்ட இறுதித் தீர்ப்பில், கட்டிடத்தை இடிக்கக்கூடாது எனவும் அதனைச் சீரமைக்க வேண்டும் எனவும் நீதிமன்றம் கூறியது. மேலும், மரபுரிமைப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் எனவும் பணித்தது. அப்போது சென்னையின் மரபுரிமைக் கட்டிடங்களுக்கு முழுமையான அரசுப் பட்டியல் இல்லை. விளம்பரப் பலகைகள் தொடர்பான வேறொரு வழக்கில், நீதிபதி இ. பத்மநாபன் தலைமையிலான குழு, பலகைகளால் மறைக்கப்படக்கூடாத நானூற்றுக்கு மேற்பட்ட கட்டிடங்களைக் குறிப்பிட்டிருந்தது. நீதிமன்றம் அப்பட்டியலையே பாதுகாப்புக்கும் அடிப்படையாகக் கொண்டது.

இத்தீர்ப்பின் எல்லையும் விரைவில் புலப்பட்டது. இடிப்பைத் தடுக்கும் ஆணை உடனடியாகச் செயற்பட்டது. சீரமைக்கும் ஆணை அவ்வாறு செயற்படவில்லை. தீர்ப்புக்குப் பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் கட்டிடம் பயனற்றுச் சிதைந்த நிலையிலேயே நின்றது. இதற்கு மாறான எடுத்துக்காட்டு சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் ஆகும். 18 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கட்டிடம் 2012 சனவரியில் தீயில் கடுமையாகச் சேதமடைந்தது. எனினும், பொதுப்பணித் துறை அதனைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டமைத்தது. பின்னர் அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. செலவை ஏற்க ஒரு துறையும், பழைய முறை அறிந்த கைவினைஞரும், தொடர்ந்த பயன்பாடும் இருந்ததே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எனலாம்.

சட்டங்கள்

நடுவண் அரசின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 1958, மாநில அரசின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், 1966 ஆகிய இரண்டும் பொதுவாக நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையும் வரலாற்று அல்லது கலைச் சிறப்பும் உடைய சின்னங்களைக் காக்கின்றன. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டவற்றுக்கே இவை பொருந்தும். மக்கள் வாழும் வீடுகள், கடைகள், பள்ளிகள் ஆகியவற்றை இவ்வாறு அறிவிப்பது அரிது.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் இயங்கும் மரபுரிமைப் பாதுகாப்புக் குழு, பட்டியலில் உள்ள கட்டிடங்களைப் பற்றி அறிவுரை கூறும். ஆனால் அதன் வரம்பு சென்னைப் பெருநகரப் பகுதியுடன் முடிந்துவிடுகிறது. மாநிலம் முழுவதற்குமான தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012 இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2024 இல் ஆகும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே இடிக்கப்பட்ட கட்டிடங்களுக்கு இச்சட்டம் எவ்வகையிலும் துணை செய்யவில்லை.

விருதுநகர் மாவட்டம்

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகியவை வணிகத்தால் வளர்ந்த ஊர்கள். 19 ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகர் தம் மாட்டு வண்டிகளையும் சரக்குகளையும் பாதுகாப்பாக நிறுத்துவதற்குப் பேட்டைகளை அமைத்தனர். இதற்கான பணம் மகமை என்னும் பொது நிதியில் இருந்து வந்தது. வணிகர் ஒவ்வொருவரும் தம் சரக்கின் அளவுக்கேற்ப இந்நிதிக்குச் செலுத்தினர். கோயில்கள், கிணறுகள், பள்ளிகள் முதலியனவும் மகமையால் எழுந்தன. ஆகவே, இவ்வூர்களின் பழைய பொதுக் கட்டிடங்கள் அரசரோ ஆங்கில அரசோ கட்டியவை அல்ல. அவை ஒரு சமூகம் தன் கூட்டு உழைப்பால் முன்னேறியதற்கான பருப்பொருட் சான்றுகள் ஆகும்.

இம்மாவட்டத்தில் பாதுகாக்கப்படும் கட்டிடங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, திருவில்லிபுத்தூரில் உள்ள திருமலை நாயக்கர் மகால். மற்றது, விருதுநகரில் உள்ள காமராசர் இல்லம். 1903 சூலை 15 அன்று பிறந்த காமராசர் இளமையில் வாழ்ந்த இவ்வீடு அரசு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. முன்னது அரசமரபினர் பெயராலும், பின்னது ஒரு தலைவரின் பெயராலும் காக்கப்படுகின்றன. காமராசர் இல்லத்தைப் போன்ற எளிய ஓட்டு வீடுகளையும், அவற்றை அடுத்திருந்த கிட்டங்கிகளையும் அவற்றுக்காகவே பாதுகாக்கும் வழக்கம் ஏற்படவில்லை.

சிவகாசியின் நிலை சற்று வேறுபட்டது. 1923 இல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பின் இவ்வூர் தொழில் நகராயிற்று. பட்டாசும் அச்சுத் தொழிலும் அதனைத் தொடர்ந்தன. வெடிபொருள் விதிகள் பட்டாசு ஆலைகளின் அறைகளுக்கு இடையிலும், ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையிலும் குறிப்பிட்ட பாதுகாப்புத் தொலைவை வேண்டுகின்றன. ஓர் அறையில் இருக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. இவ்விதிகளுக்கு ஒவ்வாத பழைய கொட்டகையைத் தொடர்ந்து பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தாகும். பழையது என்பதற்காக எதையும் காக்க வேண்டும் என்னும் கருத்து பொருந்தாது என்பதற்கு இத்தொழிற்பகுதி தக்க சான்றாகும். ஆனால் பாதுகாப்பு என்னும் அதே காரணம், ஆபத்தில்லாத கட்டிடங்களை இடிப்பதற்கும் ஆய்வின்றிக் கூறப்படுவதுண்டு. சிவகாசி 2021 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இத்தகைய உயர்வு சாலை அகலப்படுத்தலுக்கும் புதிய வளாகங்களுக்குமான தேவையை மிகுவிப்பது இயல்பு.

வாதங்கள்

இடிப்பை ஆதரிப்போர் கூறுவன:
* இடிந்துவிழும் நிலையில் உள்ள கட்டிடங்கள் உயிருக்கு ஆபத்தானவை.
* தீயணைப்பு வண்டி நுழைதல், வாகன நிறுத்தம், கழிவுநீர் வசதி முதலிய தேவைகளுக்குப் பழைய அமைப்பு இடம் தருவதில்லை.
* தனியார் சொத்தைப் பொது நன்மைக்காகக் காக்கும் சுமையை உரிமையாளர் மட்டும் ஏற்பது நீதியன்று.

பாதுகாப்பை ஆதரிப்போர் கூறுவன:
* உறுதித்தன்மையைப் பார்வையால் மட்டும் முடிவு செய்யாமல், பழைய கட்டுமானம் அறிந்த பொறியாளரைக் கொண்டு ஆய்ந்தறிய வேண்டும்.
* கட்டிடத்தில் ஏற்கெனவே செலவிடப்பட்ட ஆற்றலும் பொருளும் இடிப்பால் வீணாகின்றன.
* அகன்ற திண்ணை, தடித்த சுவர், உயர்ந்த கூரை ஆகியவை வெப்பமான சூழலுக்கு ஏற்றவை.
* இடித்தபின் மீட்க இயலாது. பாதுகாத்தபின் வேண்டுமாயின் முடிவை மாற்றலாம்.

பிற நாடுகளிலும் நகரங்களிலும்

நியூயார்க்கில் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் 1963 இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. அதனால் எழுந்த எதிர்ப்பு, 1965 இல் அந்நகரில் அடையாளச் சின்னங்கள் சட்டம் இயற்றப்படுவதற்கு வழிவகுத்தது. 1978 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் பாதுகாப்பை உறுதி செய்தது. மேலே கட்ட இயலாத தளப்பரப்பு உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உரிமையாளருக்கு இருந்ததை அது கருத்திற் கொண்டது. உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்யும் இம்முறை இந்தியாவிலும் பேசப்படுகிறது. மும்பையில் 1995 இல் மரபுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை கட்டிடங்களை மூன்று தரங்களாகப் பிரித்து, தரத்துக்கேற்ப மாற்றங்களை அனுமதிக்கின்றன.

சிங்கப்பூரில் 1989 இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே தனித்தனிக் கட்டிடங்கள் அன்றி, கடைவீடுகள் நிறைந்த தெருக்களே காக்கப்பட்டன. மலேசியாவின் ஜோர்ஜ் டவுன் 2008 இல் உலக மரபுரிமைக் களமானது. எனினும் 2000 ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் அங்கிருந்த பழைய குடிகள் பலர் வெளியேற நேர்ந்தது. கட்டிடம் எஞ்சினாலும் அதில் வாழ்ந்தோர் எஞ்சுவதில்லை என்னும் இச்சிக்கல், கடைத்தெருக்களைக் காக்க முனையும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இன்றைய நிலை

2012 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளதால், சென்னைக்கு வெளியிலும் மரபுரிமைக் கட்டிடங்களை அடையாளங்காண்பதற்குச் சட்ட அடிப்படை உள்ளது. கட்டிடங்களை அளந்து, படமெடுத்து, கட்டிய காலம், பொருட்கள், உரிமை, பயன்பாடு ஆகியவற்றைப் பதிவு செய்து பட்டியலிடுதல் இதன் முதற்படியாகும். பாரத் காப்பீட்டுக் கட்டிடத்தின் வரலாறு காட்டுவதுபோல, பட்டியல் இடிப்பைத் தடுக்கலாம். பழுதுபார்ப்புக்கான நிதியும் கட்டிடத்துக்கு ஒரு பயன்பாடும் தனியாகக் காணப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க
* இந்தோ-சரசனிக் பாணி
* மூர் மார்க்கெட்
* சேப்பாக்கம் அரண்மனை
* காமராசர்
* செட்டிநாட்டு வீடுகள்
* சிவகாசி