பூனைக்கு ஒரு தாய்வீடு

ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடைபோடுகிறவர்களைக் ‘குட்டி போட்ட பூனை மாதிரி’ என்று சொல்வது நம் வழக்கம். அந்த உவமைக்குள் இருக்கும் அவஸ்தை எனக்கு விளங்கியது, சென்ற ஐப்பசி அடைமழையில், சென்னையில் எங்கள் தெருக்கோடிக் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் ஏற ஏற, தொப்புள்கொடியின் காய்ந்த துணுக்குக்கூட உதிராத நான்கு குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்விக்கொண்டு, எந்தப் படியில் வைப்பதென்று தெரியாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கண்டபோதுதான்.

குட்டிகளை ஒரு மூங்கில் கூடையில் எடுத்து அவள் கண்ணெதிரே வைத்தோம். குட்டி இருக்கும் இடம் தன் இடம் என்று அவளும் கூடைக்குள் இறங்கிவிட்டாள். பிராணிகளுக்காக உழைக்கும் நண்பர் ஒருவர், “இரண்டு மாதம் உங்கள் வீட்டில் இருக்கட்டும், பிறகு ஒவ்வொன்றுக்கும் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம்” என்றார். இதை இப்போது ‘ஃபாஸ்டர்’ என்று சொல்கிறார்கள். சொந்தமாக்கிக்கொள்வது அன்று, ஒரு பருவம் வரையில் புகலிடம் கொடுத்துப் பேணி, பின்பு உரிய கைகளில் ஒப்படைப்பது. என் தாயாருக்கு இதை விளக்கப் பெரிய பிரயத்தனம் எதுவும் தேவைப்படவில்லை. “பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறதில்லையா, அது போலத்தானே” என்று சொல்லிவிட்டு, பழைய நூல்புடைவை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கூடையில் விரித்தார்.

குட்டிகள் நோயை எதிர்க்கும் சக்தியின் பெரும்பகுதியைத் தாயின் சீம்பாலிலிருந்து, பிறந்த முதல் நாளிலேயே பெற்றுக்கொள்கின்றன. அந்தச் சக்தி சில வாரங்களில் தேய்ந்துபோகும், தடுப்பூசி போட்டுக்கொள்ளும் வயதோ அதற்குப் பிறகுதான் வரும். இந்த இடைக்காலத்தில், பல பூனைகள் வந்து போகும் காப்பகம் எவ்வளவு சுத்தமாக நடத்தப்பட்டாலும், வெளியிலிருந்து வந்த ஒரே பூனை கொண்டுவரும் குடல் தொற்று ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதையும் கொண்டுபோய்விடக்கூடும். வேறு பூனையில்லாத வீட்டின் ஓர் அறை அவற்றுக்குப் பெரிய அரண் என்பதற்கு இதுவே காரணம்.

அறை என்றால் விசேஷமாக ஒன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் புத்தக பீரோவுக்குப் பின்னால், காற்று நேராக அடிக்காத ஒரு மூலை, பக்கம் திறந்த ஓர் அட்டைப்பெட்டி, தாய்க்குத் தண்ணீர், சோற்றுக் கிண்ணம், அவற்றுக்கு எட்டத்தில் மணல் தட்டு, இவ்வளவுதான். அரிதாகக் கிடைக்கும் பொருள் அமைதி. பிறந்த சிசுவைப் பார்க்க ஊரே வரும் நம் வீடுகளில், ‘முதல் வாரம் யாரும் உள்ளே வரக் கூடாது’ என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்ற கணக்கு எப்படியானாலும், அந்நிய வாடை பட்டாலே, நாயும், குட்டிகளைக் கொன்றுவிடும் கடுவன் பூனையும் மோப்பம் பிடிப்பதற்குள் இடம் பெயர்ந்துவிட வேண்டும் என்ற பழைய ஜாக்கிரதைதான் அவளை அலைக்கழிக்கிறது. முதல் நான்கு நாட்கள் நான் கிண்ணத்தை வைக்கப் போகும்போதெல்லாம் அவள் சீறினாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, அவள் கண்ணை நேராகப் பாராமல், சுவரோரமாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஐந்தாம் நாள் சீறல் நின்றது. எட்டாம் நாள் என் முழங்காலில் தன் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள்.

ஒரு முறை அவளும் இடம் மாற்றினாள், பெட்டியிலிருந்து பீரோவின் கீழ்த்தட்டுக்கு. அதை நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பிடரியில் பல் பட்டதும் குட்டி சட்டென்று அசைவற்று, பின்னங்கால்களை வயிற்றோடு சுருட்டிக்கொண்டு, ஒரு பொட்டலம்போல் தொங்கிவிடுகிறது. அது திமிறாதது அதன் உடம்பிலேயே அமைந்த இயல்பு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதையும், பூனைக்குட்டி தன் முயற்சி ஒன்றுமின்றித் தாயால் தூக்கிச் செல்லப்படுவதையும் எடுத்துக்கொண்டு, அருளுக்குப் பாத்திரமாக ஜீவன் ஏதேனும் செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று வைணவர்களுள் வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வாதித்தார்கள் அல்லவா? மார்ஜார நியாயம், அதாவது பூனை நியாயம், என்று சிறு வயதில் காதில் விழுந்த சொல், பீரோவின் முன்னால் அன்று எனக்குப் பொருளாயிற்று.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல மனம் படைத்தவர்களே தவறு செய்யும் இடம் அது. குட்டிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று குழந்தைகளோடு சேர்ந்து நானும் யோசித்துக்கொண்டிருந்தபோது, “பிள்ளை பெற்றவளுக்கு முதலில் வயிறாரப் போடுடா, பேர் வைக்கிறதெல்லாம் அப்புறம்” என்றார் தாயார். பால் கொடுக்கும் பூனைக்குச் சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். ஆனால் அந்த ஆகாரம் பால்சாதமோ தயிர்சாதமோ ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். அதைவிட முக்கியமாக, டாரின் என்ற ஒரு சத்தைப் போதிய அளவு தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும் வல்லமை பூனைக்கு இல்லை. மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைத்தாக வேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-இலும், இதயத்தின் தசை தளர்ந்து மரணமே நேரும் என்பது 1987-இலும் ஆராய்ச்சியால் தெளிவாயின. சைவ உணவு உண்ணும் வீட்டார் இதைக் கேட்டு மனம் கலங்குவது எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அத்தகையதே. கடையில் விற்கும் குட்டிப் பூனைகளுக்கான தீவனத்தையே தாய்க்கும் கொடுக்கலாம். அதில் அவளுக்கு வேண்டிய சத்தெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் சமையலறைக்குள் அது வரவில்லை. அறைக்குள் தனி டப்பாவில் இருந்தது. தாயார் ஆட்சேபிக்கவில்லை.

நான்கு குட்டிகளில் இரண்டு வரி போட்டவை, ஒன்று கறுப்பு, ஒன்று மூன்று நிறம். மூன்று நிறத்துக்குட்டி பெண்ணாகத்தான் இருக்கும் என்று நண்பர் பாராமலே சொன்னார். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் அம்சம் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்றான எக்ஸ்-இலேயே தங்கியிருப்பதால், கறுப்பும் செம்மஞ்சளும் ஒரே உடம்பில் சேர அந்தக் குரோமோசோம் இரண்டு வேண்டும். ஆணுக்கு அது வாய்ப்பது மிக அபூர்வம்.

அந்தச் சிறியவளால்தான் நாங்கள் ஒரு வாரம் தூங்கவில்லை. பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் காலையில் ஒரே வேளையில் நிறுத்து, ஒரு நோட்டில் குட்டிக்கு ஒரு பக்கமாக எழுதி வந்தேன். மற்ற மூன்றும் ஏற, இவள் மட்டும் முதல் நாள் 92, மறுநாள் 92, மூன்றாம் நாள் 90. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, எண்தான் சொல்லிற்று. தொட்டுப் பார்த்தால் காது குளிர்ந்திருந்தது. பாலைப் புகட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. கால்நடை மருத்துவர் தொலைபேசியிலேயே தடுத்தார்: “குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள். முதலில் உடம்பு சூடாகட்டும்.” முதல் வாரங்களில் தன் உடம்பின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குட்டிக்குக் கிடையாது; உடம்பு குளிர்ந்தபோது குடலும் இயங்காது, புகட்டிய பால் உள்ளே கெட்டு அதுவே எமனாகிவிடும்.

வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் வைத்து, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறு பாதியை விட்டுவைத்தோம். உடம்பு சூடு கண்ட பிறகு, பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். பசும்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேல் புரதம் பூனையின் பாலில் உண்டு. ஆகவே பசும்பால் அதற்கு ஈடாகாது. மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டக் கூடாது, நுரையீரலில் இறங்கிவிடும். தாய்மடியில் கிடப்பது போலக் குப்புறக் கிடத்தி, தலையைச் சற்றே உயர்த்தியே கொடுக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும். இடையிடையே, மற்ற மூன்றும் வயிறு நிறைந்து உறங்கும் சமயம் பார்த்து அவளைப் பின்புறத்து முலைக்காம்பருகே விட்டோம். தாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள்; என் விரலை ஒரு தரம் முகர்ந்தாள்; பிறகு அவள் குட்டியை நக்கத் தொடங்கினாள். அந்த நக்கல் வெறும் கொஞ்சல் அன்று. பிறந்த மூன்று வாரம் வரையில் தாய் நக்கித் தூண்டாவிட்டால் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறுவதில்லை. ஐந்தாம் நாள் காலை தராசு 97 காட்டியபோது, நான் வாய்விட்டுக் கூவியதில் வீடே விழித்துக்கொண்டது.

பத்தாம் நாளையொட்டிக் கண்கள் திறந்தன. நான்குக்கும் நீலக் கண்கள். அந்த நீலம் நிலைப்பதன்று, ஆறேழு வாரத்தில் மாறிவிடும். மூன்றாம் வாரம் தள்ளாடி நடை. நான்காம் வாரம் பற்கள், மணல் தட்டில் தாமாகவே தோண்டல். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையில் மனிதக் கைகளில் புழங்கிய குட்டியே பிற்காலத்தில் மனிதரை நம்பும். அந்த வாசல் அடைபட்டபின் தெருவிலிருந்து பிடித்து வரும் குட்டியைப் பழக்குவதற்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். ஆகவே அந்த வாரங்களில் வயதானவர், குழந்தை, கண்ணாடி அணிந்தவர், குரல் உயர்த்திப் பேசுகிறவர் எல்லோர் மடியிலும் தினமும் சிறிது நேரம் அவற்றை இருத்தினோம். குக்கர் விசில் கேட்டு முதலில் ஓடி ஒளிந்தவை, ஒரு வாரத்தில் காதைக்கூட அசைக்கவில்லை.

மருந்து விஷயத்தில் சில எச்சரிக்கைகள். தாய்ப்பால் வழியாகவே குடற்புழு இறங்கும். மூன்றாம் வாரத்திலிருந்தே மருத்துவரைக் கேட்டுப் புழுமருந்து கொடுக்க வேண்டும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் சேரும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்; பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரைக் குடிக்கும். கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடாமல், வேறொருவர் தினந்தோறும் அதைச் சுத்தம் செய்துவிடுவது நல்லது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும்.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடலாம் என்பது பலருக்கு ஆச்சரியம் தரும். அதனால் தாயை வெளியே விடவில்லை. ஒரு கடுவன் ஜன்னலுக்கு வெளியே இரவெல்லாம் கத்தியதைப் பொறுத்துக்கொண்டோம். குட்டிகள் பால்குடி மறந்து அவள் மடி வற்றியபின் கருத்தடை அறுவை நடந்தது. அதைக் கொடுமை என்று நினைக்கும் அன்பர்கள், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுகளில் அவள் உடம்பு படும் பாட்டையும், தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரியதாவது எத்தனை என்பதையும் ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒன்பதாம் வாரம், முதல் தடுப்பூசி முடிந்து, கேட்டவர்கள் வீட்டை நேரில் பார்த்து, பால்கனிக்கு வலை கட்டியிருக்கிறதா என்று விசாரித்துக் குட்டிகளைக் கொடுத்தோம். வரிக்குட்டிகள் இரண்டும் ஒரே வீட்டுக்கு, கறுப்பு ஒரு மாணவிக்கு, மூன்று நிறத்தாள் கடைசியில். நோட்டில் அவரவர் குட்டிக்குரிய பக்கத்தைக் கிழித்து, தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுத்தேன். தாய் இரண்டு இரவு பீரோவின் கீழ்த்தட்டில் தலையை நுழைத்துக் கூப்பிட்டாள். மூன்றாம் இரவு உறங்கினாள்.

குட்டிகளைக் கேட்டு வந்தவர்கள் பலர். அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மாதம் ஒன்று கழிந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். “எனக்கு ஓடியாட முடியாது, ஐயா. நிதானமாக இருக்கிறவள்தான் சரிப்படும்” என்று அவளை மடியில் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது, “குட்டிகளுக்கெல்லாம் ஏதோ கணக்கு எழுதிக் கொடுத்தீர்களாமே, இவளுக்கு இல்லையா?” என்றார். இவளை ஒரு நாளும் நாங்கள் நிறுத்துப் பார்க்கவில்லை. நோட்டில் எஞ்சியிருந்த ஒரு தாளை எடுத்து, அறுவை நடந்த தேதியையும், கழுத்தின் கீழ் சொறிந்தால் கண் மூடுவாள் என்பதையும், இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.