களவு போன பொருள் கைக்கு வரும் வழி

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய குண்டனி நாட்டில், மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழும் குடியானவர் ஒருவருடைய இருசக்கர வண்டி களவு போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவர் பிராது கொடுத்துச் சில வாரங்கள் கழிந்தபின், வண்டி அகப்பட்டுவிட்டது என்ற நற்செய்தி வருகிறது. மனம் குளிர்ந்து காவல் நிலையத்துக்குப் போனால், வாசலிலேயே அவருடைய வண்டி நிற்கிறது. ஆனால், கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அதைக் கொடுக்க இயலாது என்ற விடையே கிடைக்கிறது. கள்வன் கையிலிருந்து மீண்ட பொருள் உடையவர் கைக்கு வராமல் நடுவில் நிற்பதைக் காணும்போது, தமக்கு அநியாயம் நடக்கிறது என்று அவர் வருந்துவது இயல்பே. ஆயினும் அந்த விடைக்குச் சட்டத்தில் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. இவ்விரண்டையும் அறிந்தவருக்கே பொருள் விரைவில் கிடைக்கும்.

சொத்தும் சாட்சியும்

களவு போகுமுன் அந்த வண்டி ஒருவருடைய சொத்து மட்டுமே. கைப்பற்றப்பட்ட கணத்திலிருந்து அது குற்றத்துக்குச் சாட்சியாகவும் ஆகிவிடுகிறது. அதனை எங்கே, எவரிடமிருந்து, எந்த நிலையில் எடுத்தார்கள் என்பதைச் சாட்சிகள் முன்னிலையில் மகஜராக எழுதி, நிலையத்தின் சொத்துப் பதிவேட்டில் பதிந்து, குற்றவியல் நடுவருக்குத் தெரிவிப்பது காவலரின் கடமை. மகஜரில் எழுதியதும், பதிவேட்டில் ஏறியதும், நடுவர் முன் வைக்கப்பட்டதும் ஒரே பொருள்தான் என்று ஐயமின்றி நிலைநாட்டினால்தான் வழக்கு நிற்கும். ஆகவே பொருளைத் தம் இஷ்டம்போல் எடுத்துக் கொடுக்கக் காவல் அதிகாரிக்கு உரிமை இல்லை. கொண்டுசெல்வதற்கோ வைத்துக் காப்பதற்கோ வசதி இல்லாதபோதும், விசாரணைக்கு இனித் தேவைப்படாதபோதும், பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பொருளை ஒருவர் பொறுப்பில் விடச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது என்றாலும், நடைமுறையில் நடுவரின் உத்தரவுக்கே பலரும் காத்திருக்கிறார்கள்.

2002-ஆம் ஆண்டின் தீர்ப்பு

இந்தக் காத்திருப்பு மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீண்டு, வண்டிகள் மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து வீணாவதை நாடெங்கும் காவல் நிலைய வாசல்களில் காண்கிறோம். குஜராத்தில் காவல் நிலையப் பாதுகாப்பில் இருந்த வழக்குச் சொத்துகளைக் காவலர்களே கையாடியதாக எழுந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், 2002 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான வழி காட்டியது. பொருளை விவரமாக மகஜரில் எழுதி, நிழற்படம் எடுத்து, தேவைப்படும்போது கொண்டுவருவதாகப் பிணையும் பெற்றுக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிட்டால், விசாரணையில் அந்தப் படமும் மகஜருமே சாட்சியாக நிற்கும் என்பதும், எப்பொருளும் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் கிடக்கலாகாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

அன்று தீர்ப்பாக வந்த இந்த நெறிக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்ட உருவம் கொடுத்திருக்கிறது. அதன் 497-ஆம் பிரிவின்படி, தன் முன் வைக்கப்பட்ட பொருளின் விவர அறிக்கையை 14 நாட்களுக்குள் தயாரித்து, படமும் வேண்டுமானால் காணொளியும் எடுக்கச் செய்து, அதன்பின் 30 நாட்களுக்குள் பொருளை ஒப்படைப்பதா, அழிப்பதா, பறிமுதல் செய்வதா என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். இதற்கு முன்பு இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-ஆம் பிரிவில் இப்படிப்பட்ட காலவரையறை இல்லை. காவலர் கைப்பற்றியதைத் தெரிவித்திருந்தும் பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படாமல் இருக்குமானால், முன்பு 457-ஆக இருந்து இப்போது 503-ஆகியுள்ள பிரிவின்கீழ் மனுச் செய்ய வேண்டும்.

மனுவும் பிணையும்

மனுவோடு முதல் தகவல் அறிக்கையின் பிரதி வேண்டும். பிராது கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். வண்டியானால் ஆர்.சி. புத்தகமும் காப்பீட்டுச் சான்றும், கைப்பேசியானால் ஐ.எம்.இ.ஐ. எண் கண்ட ரசீது அல்லது பெட்டியும் உரிமையைக் காட்டும். தாய்வழி வந்த தோட்டுக்கும் சங்கிலிக்கும் ரசீது எங்கிருந்து வரும் என்று மலைவாழ் பெண்மணி ஒருத்தி கேட்பாளானால், அந்தக் கேள்வி நியாயமானதே. அவளுக்குத் துணையாவது பிராதில் அவள் சொன்ன அடையாளங்கள்தாம். திருகாணி மாற்றிய தோடு, ஒட்டுப்போட்ட கண்ணி, திருவிழாவில் அணிந்து எடுத்துக்கொண்ட பழைய படம் ஆகியவற்றை முதல் நாளிலேயே சொல்லிப் பதியவைத்தால், மாதங்கள் கழித்து மனு விசாரணையில் அவை ரசீதுக்கு நிகராகப் பேசும்.

இவ்விதம் கிடைக்கும் பொருள், வழக்கு முடியும்வரை இடைக்காலப் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால், விற்பதோ நிறம் மாற்றுவதோ நகையை உருக்கி வேறு நகை செய்வதோ கூடாது. நீதிமன்றம் கேட்கும் நாளில் அதே உருவில் கொண்டுவந்து காட்ட வேண்டும். இறுதி உத்தரவு தீர்ப்போடு வரும். கள்ளச்சாராயம், கஞ்சா, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி போன்றவை எவருக்கும் திரும்புவதில்லை. அவை அழிவுக்கும் பறிமுதலுக்கும் உரியவை. மிளகு மூட்டையைப் போலன்றி அன்றே அழுகத் தொடங்கும் பலாவும் அன்னாசியும் அகப்பட்டால், அவற்றை விற்றுப் பணத்தைக் காக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. உடையவர் இன்னார் என்று தெரியாத பொருளுக்கு நடுவர் பிரகடனம் வெளியிடுவார். ஆறு மாதத்துக்குள் எவரும் உரிமை நாட்டாவிட்டால் அது அரசாங்கத்தின் வசமாகும்.

காவலில் இருந்தது காணாமற்போனால்

பொருளைக் காக்கும் இடத்திலேயே அது மறைந்துபோவதும் உண்டு. 2012-இல் சென்னையில் மத்தியப் புலனாய்வுத் துறை கைப்பற்றி முத்திரையிட்ட 400 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தில் 103 கிலோவுக்கு மேல் குறைந்திருப்பது பின்னர் வெளிப்பட, அதனைச் சி.பி.சி.ஐ.டி. விசாரிக்குமாறு 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கைப்பற்றிய 22 கிலோ கஞ்சாவில் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டன என்று காவல்துறை கூறிய மற்றொரு சென்னை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இருவரும் 2023-இல் விடுதலையாயினர். காப்பில் ஏற்படும் குறை உடைமையைக் கெடுப்பதோடு நில்லாமல் நியாயத்தையும் கெடுத்துவிடும் என்பதை இவை காட்டுகின்றன. உடையவருக்கு இங்கே நாதியில்லை என்பதில்லை. மீட்கப்பட்ட நகைகள் காவலர் பொறுப்பில் இருக்கையில் தொலைந்துபோன மைசூர் ராஜ்ய வழக்கொன்றில், அவற்றின் மதிப்பாக ரூ.10,000-ஐ அரசாங்கமே உரிய அம்மையாருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறரை நம்பிப் பொருளை அவர் காப்பில் வைப்பதை நிக்ஷேபம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். வழக்குச் சொத்தும் நிக்ஷேபமே. குடிகளின் பொருளை அரசாங்கம் தன் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவே. அதைத் திருப்பித் தருவதில் நேரும் ஒவ்வொரு நாள் தாமதமும் உடையவருக்கு இரண்டாம் களவாக ஆகிவிடுகிறது. மலைமேல் உள்ள சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டையூசி வளைவுகளில் இறங்கி, ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து சமவெளிக்குப் போகிறவருக்கு வாய்தா என்ற ஒரு சொல்லின் பாரம் மிகப் பெரிது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பழங்குடியினர் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உதவியை உரிமையாக அளித்திருக்கிறது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் அனைவரும் இதில் அடங்குவர். எனவே பொருள் அகப்பட்டது என்ற செய்தி வந்ததும் செய்யத்தக்கது, காவல் நிலையத்தில் வழக்கு எண்ணையும், பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு நாமக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் படியேறுவதுதான். அந்தத் தேதியிலிருந்தே பதினான்கு நாள் கணக்குத் தொடங்குகிறது.