சேற்றில் நாடி பார்க்கும் நிபுணர்கள்!

எண்ணூர் கழியில் ஒரு விசித்திர வேலை

முழங்கால் வரை சேறு. தலையில் துண்டு. தோளில் ஒரு பை. கையில் அளவுகோல்.

எண்ணூர் முகத்துவாரத்தில், தண்ணீர் இறங்கும் நேரத்தில் இப்படி ஒருவர் நடந்து போனால் யார் என்று நினைப்பீர்கள்? மீன் பிடிப்பவரா? இல்லை. உப்பளத்தில் வேலை செய்பவரா? அதுவும் இல்லை.

அவர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற உயிரியல் நிபுணர்!

மனிதனுக்கு நோய் வந்தால் டாக்டர் நாடி பார்க்கிறார். ஆறு கடலில் சேரும் கழிக்கு நோய் வந்தால்? அதற்கு நாடி பார்ப்பதுதான் இவருடைய வேலை.

யாருடைய நிலம்?

ராயபுரம், திருவொற்றியூர் தாண்டி வடக்கே போனால் எண்ணூர். கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் இந்தக் கழியில் சேர்ந்து, பிறகு வடக்கே பழவேற்காட்டை நோக்கிப் போகிறது.

ஒரு பக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் துறைமுகத்தின் கிரேன்கள். நடுவே சேறும் தண்ணீரும்.

இதில் பெரும்பகுதி அரசாங்க நிலம். புறம்போக்கு. அந்தப் பெயரைக் கேட்டதும் 'வீண் நிலம்' என்று நாம் நினைத்து விடுகிறோம். அது தப்பு.

இறாலைக் கேட்டால் சொல்லும்!

வெள்ளை இறால் கடலில் முட்டை இடுகிறது. குஞ்சுகள் மிக மிகச் சிறியவை. அவை நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து சேருகின்றன. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு இடையே ஒளிந்து, தின்று, வளர்கின்றன. பெரிதானதும் கடலுக்குத் திரும்பிப் போகின்றன.

அதாவது, கடல் அவற்றுக்குப் பிறந்த வீடு. கழிதான் தொட்டில்!

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் வீட்டில் உலை கொதிப்பது இந்தத் தொட்டிலை நம்பித்தான்.

மூச்சு விடும் வேர்

அலையாத்தி மரம் ஓர் அதிசயம். சேற்றுக்குள் காற்று கிடையாது. வேருக்கோ காற்று வேண்டும். என்ன செய்வது?

எண்ணூரில் உள்ள வெண்கண்டல் மரம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பென்சிலை நட்டு வைத்தது போல வேர்களை மேலே நீட்டுகிறது! அவற்றில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தண்ணீர் இறங்கியதும் அந்தத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது.

உடம்பில் சேரும் உப்பை இலை வழியாக வெளியேற்றவும் இந்த மரத்துக்குத் தெரியும். இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

அதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஓடாமல் தேங்கி, வெயிலில் காய்ந்தால், சேற்றில் உப்பு அதைவிடப் பல மடங்கு ஏறிவிடும். அப்போது இந்த மரமும் பட்டுப்போகும்.

அதனால்தான் நிபுணர் முதலில் மரத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரைப் பார்க்கிறார். அது எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு கரிக்கிறது என்று குறித்துக் கொள்கிறார். பிறகுதான் நண்டு வளைகளையும், கன்றுகளையும், பறவைகளையும் எண்ணுகிறார்.

பிச்சாவரம் கற்றுத் தந்த பாடம்

'மரம் பட்டுப்போனால் புதுக் கன்று நட்டால் போகிறது' என்று சிலர் கேட்கலாம். போதாது!

சிதம்பரம் அருகே இருக்கிறது பிச்சாவரம். அங்கேயும் அலையாத்திக் காடு உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

வெள்ளையர் ஆட்சியில் தொடங்கி, 1970-கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்தார்கள். வெட்டிய இடத்தில் காடு மறுபடி வளரவில்லை. ஏன்?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து நிபுணர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நிழல் போனதும் வெயில் பட்டு மண் காய்ந்தது. காய்ந்த மண் அமுங்கித் தாம்பாளம் போல் பள்ளம் ஆனது. உள்ளே வந்த கடல் நீர் வெளியே போகவில்லை. உப்பு ஏறியது.

மருந்து என்ன தெரியுமா? வாய்க்கால்!

நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இரு புறமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போல இருக்கும். வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து உழைத்தார்கள். தண்ணீர் தினமும் வந்து போனது. உப்பு குறைந்தது. வாய்க்கால் கரையில் நட்ட கன்றுகள் காடாகி விட்டன!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

கறுப்பு டிசம்பர்

எண்ணூருக்கும் இதே பாடம்தான். ஆனால் இங்கே நோய் ஒன்று அல்ல. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைந்திருக்கிறது. அதோடு எண்ணெயும் வந்தது.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம். மிக்ஜாம் புயல் மழை. மணலி தொழிற்பகுதியில் இருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் பாய்ந்தது. படகு கறுப்பு. வலை கறுப்பு. கூழைக்கடாவின் இறகும் கறுப்பு.

இறகில் எண்ணெய் ஒட்டினால் பறவையின் உடம்பில் தண்ணீர் ஏறும். அலகால் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மரத்துக்கோ மூச்சுத் துளைகள் அடைபடும்.

மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். அள்ளியதோடு வேலை முடிந்து விடாது. எந்த வேர் பிழைத்தது, எந்த மரம் துளிர்த்தது, குஞ்சு இறால் திரும்பி வந்ததா என்று மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பார்க்க வேண்டும். கண்ட இடத்தில் கால் வைத்தால் சேற்றின் மேல் கிடக்கும் எண்ணெய் அடியில் போய்விடும். நடப்பதிலும் நிதானம் வேண்டும்!

நம் பிள்ளைகளும் படிக்கலாம்

விலங்கியலோ தாவரவியலோ படித்தவர்கள் இந்த வேலைக்கு வரலாம். வன உயிரியல் பாடத்தில் மேல்பட்டம் பெற மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது. டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது.

புத்தகம் மட்டும் போதாது. எந்தக் காற்றுக்கு இறால் வரும், எந்த மாதம் முகத்துவாரம் தூர்ந்து போகும் என்று கரையில் இருக்கும் மீனவரிடமும் பாடம் கேட்க வேண்டும்.

அடுத்த முறை எண்ணூர் பாலத்தைக் கடக்கும்போது கீழே பாருங்கள். சேற்றில் குச்சி குச்சியாக ஏதோ நீட்டிக் கொண்டிருக்கும்.

குப்பை என்று நினைத்து விடாதீர்கள். மரம் மூச்சு விடுகிறது!