காரும் சாவியும் ஒன்றையொன்று அறியும் முறை

கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹெலியகொட வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ-4 வீதியில் குருவிட்ட நகரைக் கடந்து போகும் கார்களில் பல, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடியபின் இலங்கைக்கு இறக்குமதியானவை. டொயோட்டா அக்வா, பிரியஸ், ஹொண்டா வெசல், சுசுகி வேகன் ஆர் என்று பெயர்கள் வேறுபட்டாலும், இவற்றுட் பலவற்றில் உரிமையாளர் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே கதவைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்திக் காரை ஸ்டார்ட் செய்துவிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான அனுமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கிடைத்தது என்பதால், அதற்கு முன்பு வந்த கார்களே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி, பழையனவாக ஆக ஆக விலை ஏறிய வியப்பும் நேர்ந்தது. காரின் விலை இன்றைய சந்தையுடையது. அதைக் காக்கும் பூட்டோ அது தயாரிக்கப்பட்ட ஆண்டினுடையது. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, அப்பூட்டு வேலை செய்யும் விதத்தை அறிய வேண்டும்.

பொதுவாக ‘ரிமோட் சாவி’ என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைக் கொண்டது. பொத்தானை அழுத்தித் தூரத்திலிருந்து கதவைத் திறப்பது ஒன்று. சாவி அருகில் இருப்பதைக் கார் தானே உணர்ந்து கதவைத் திறக்க விடுவது இன்னொன்று. உரிய சாவி இல்லாவிட்டால் எஞ்சினை இயங்க விடாத இம்மொபிலைசர் என்னும் தடுப்பு மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் வசதிக்காக வந்தவை. திருட்டைத் தடுப்பதற்கென்றே பிறந்தது மூன்றாவதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாலோ என்னவோ, மூன்றினுள்ளும் அதுவே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய லொறிகளிலும் ட்ராக்டர்களிலும் சாவி என்பது ஒரு மின்சுற்றை இணைக்கும் சுவிட்ச் மட்டுமே. ஸ்டியரிங்கின் கீழுள்ள வயர்களை அறிந்தவருக்குச் சாவியே தேவைப்படாது. இந்தக் குறையை நீக்க, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு கோர்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. மின்தடையின் அளவு 15 வகைகளுள் ஒன்றாக இருந்தமையால், பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாக முயன்று வெல்ல முடிந்தது. 1990களில், வானொலி அலையால் பதில் தரும் சிப் சாவிக்குள் புகுந்த பின்னரே தடுப்பு உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்டோபர் முதலும், அவுஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையான தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இம்மொபிலைசரால் கார்த்திருட்டு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது என்று கணித்தனர். இதற்கு எதிர்மறையான சான்றை அமெரிக்கா தந்தது. அங்கு விற்பனையான கியா, ஹியுண்டாய் கார்களுட் பல இம்மொபிலைசர் இன்றியே வந்திருந்தன; அவற்றைத் திருடும் எளிய முறை 2021, 2022 ஆண்டுகளில் சமூக ஊடகக் காணொளிகளால் பரவியபோது, நகரம் நகரமாகத் திருட்டுப் பெருகியது.

இம்மொபிலைசரின் சிப்புக்குச் சொந்தப் பற்றரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றிலும், பொத்தான் ஸ்டார்ட் உள்ள கார்களில் அப்பொத்தானுக்கு அருகிலும், ஒரு கம்பிச்சுருள் அமைந்திருக்கிறது. அது 125 கிலோஹேர்ட்ஸ் அளவான மீடிறனில், அதாவது செக்கனுக்கு 125,000 தடவை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, மின்காந்தத் தூண்டலால் சாவிக்குள் உள்ள சிறு சுருளில் மின் பிறந்து சிப் விழித்தெழுகிறது. அப்போது கார், முன்பு அனுப்பாத ஓர் எழுமாற்று எண்ணை, அதாவது எவராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாத எண்ணைச் சாவிக்கு அனுப்புகிறது. சாவி அந்த எண்ணைத் தன்னிடமுள்ள இரகசிய எண்ணுடன் சேர்த்து, மறைகுறியீட்டு முறையால் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதே இரகசியத்தை வைத்திருக்கும் காரும் அதே கணக்கைச் செய்து, இரு விடைகளும் ஒத்திருந்தால் மட்டுமே எஞ்சினுக்கு எரிபொருளும் தீப்பொறியும் செல்ல அனுமதிக்கிறது. ஹைபிரிட் கார்களில் உயர் மின்னழுத்தத் தொகுதி ஆயத்த நிலைக்கு வருவதும் இந்த அனுமதிக்குப் பின்னரே. இதன் அழகு, இரகசிய எண் ஒருபோதும் காற்றில் செல்வதில்லை என்பதில் இருக்கிறது. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைப்பது ஒரு கேள்வியும் அதன் விடையும் மட்டுமே. அடுத்த முறை கார் கேட்கும் கேள்வி வேறாகிவிடும்.

பொத்தானை அழுத்தும் ரிமோட்டில் கார் கேள்வி கேட்பதில்லை, சாவியே பேசுகிறது. ஒரே செய்தியைத் தினமும் அனுப்பினால் அதைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பியே கதவைத் திறந்துவிடலாம் என்பதால், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒன்று கூடும் எண்ணிக்கை மறைகுறியீட்டில் பொதிந்து அனுப்பப்படுகிறது. கார் கடைசியாகக் கேட்ட எண்ணிக்கைக்கு முந்தியதை ஏற்காது. சற்றே முன்னோக்கிச் சென்றதை ஏற்கும். சட்டைப்பையில் தற்செயலாகச் சில தடவை அழுத்தப்பட்ட ரிமோட்டும் தொடர்ந்து வேலை செய்வது இந்தத் தாராளத்தால்தான்.

சாவியைத் தொடாமலே திறக்கும் ஏற்பாடு இரண்டு வகை அலைகளைத் திறமையாகப் பிரித்துப் பயன்படுத்துகிறது. கைப்பிடியைத் தொட்டதும், கதவுகளிலும் காரின் உட்புறத்திலும் உள்ள அன்டெனாக்கள் குறைந்த மீடிறனில் அழைப்பு விடுக்கின்றன. அந்தக் காந்தப்புலம் தூரம் கூடக் கூட மிக விரைவாக வலுவிழப்பதால், ஓரிரு மீற்றருக்குள் இருக்கும் சாவியே அதைக் கேட்கும். எந்த அன்டெனாவின் புலம் எவ்வளவு வலுவாகப் படுகிறது என்பதைக் கொண்டு சாவி காருக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சாவியின் பதிலோ உயர் மீடிறனில் செல்கிறது: ஜப்பானியச் சந்தைக்கான கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பியச் சந்தைக்கானவற்றில் 433.92 மெகாஹேர்ட்ஸிலும். தோற்றத்தில் வேறுபாடே காண முடியாத சாவியை இணையத்தில் வாங்கியவர் அது பயனற்றுப் போவதைக் காண்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

சாவியின் பற்றரி தீர்ந்துபோனால் கதி என்ன என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி, சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால், பற்றரி வேண்டாத பழைய சிப் அங்குள்ள சுருளால் உயிர்பெற்று எஞ்சினை இயக்க அனுமதி வாங்கித் தரும். சில மாதிரிகளில் சாவியைப் பிடிக்க வேண்டிய இடம் வேறாக இருக்கலாம்.

இத்தனை கவனமாக அமைந்த காவலை உடைத்த வரலாறும் உண்டு. டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தயாரித்த ஒரு சிப்பின் இரகசிய எண் 40 பிட் நீளமுடையது. அதில் சுமார் 1.1 இலட்சம் கோடி வாய்ப்புகள் இருந்தும், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்எஸ்ஏ ஆய்வுகூடத்தினரும் 2005இல் அதை முறியடித்துக் காட்டினர். அதன் வழிவந்த 80 பிட் சிப்பை 2020இல் பெல்ஜியத்தின் லூவன், பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, குறை சிப்பில் மட்டும் இல்லை, அதைப் பயன்படுத்திய விதத்திலும் இருக்கிறது என்பது தெரியவந்தது. டொயோட்டாவின் சில பழைய மாதிரிகளில் இரகசிய எண், சாவி வெளிப்படையாகவே அனுப்பும் தொடரெண்ணிலிருந்து பெறப்பட்டிருந்தது. கியா, ஹியுண்டாய் கார்கள் சிலவற்றில் 80 பிட்டுகளுள் 24 மட்டுமே உண்மையில் ஊகிக்க முடியாதனவாக இருந்தன. நல்ல பூட்டை வாங்கி அதன் சாவியைப் படலையிலேயே தொங்கவிடுவதற்கு இது ஒப்பானது.

ஆனால் இன்று அதிகம் அஞ்சப்படும் முறை எந்த மறைகுறியீட்டையும் உடைப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்து கார் மாதிரிகளில் இதனைச் செய்து காட்டினர். ஒருவர் காரின் அருகே ஒரு கருவியுடனும், மற்றொருவர் சாவி இருக்கும் வீட்டுச் சுவரின் அருகே இன்னொரு கருவியுடனும் நிற்கின்றனர். காரின் மெல்லிய அழைப்பை முதற்கருவி வாங்கி இரண்டாவதற்குக் கடத்த, அது சாவிக்கு அருகே மீண்டும் ஒலிக்க, சாவி உண்மையான விடையை அனுப்புகிறது. இதில் பொய்ச் சாவி இல்லை, திருடப்பட்ட எண்ணும் இல்லை. அழைப்பு கேட்டதென்றால் சாவி அருகில்தான் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் கொண்ட அனுமானமே தவறிப்போகிறது. எஞ்சின் இயங்கத் தொடங்கிய பின் சாவி விலகினாலும், வீதி நடுவே நின்று விபத்து நேராதிருக்க, கார் ஓடிக்கொண்டேயிருக்கும். இதற்கான சரியான தீர்வு தூரத்தை ஊகிக்காமல் அளப்பதே. அகன்ற அலைவரிசையில் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை போய் வரும் நேரத்தைப் புதிய கார்கள் சில அளக்கின்றன. வானொலி அலை ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் மட்டுமே செல்லும் என்பதால், இடையில் கடத்தும் எவராலும் அந்நேரத்தைக் குறைத்துக் காட்ட இயலாது. 2020க்கு முன் இலங்கைக்கு வந்த பெரும்பாலான கார்களில் இவ்வசதியை எதிர்பார்க்க முடியாது.

சாவியையே நாடாத திருட்டும் உண்டு. 2022இல் லண்டனில் களவுபோன ஒரு டொயோட்டா ராவ்4 காரை முன்வைத்து நடந்த ஆய்வு, முன்விளக்கின் இணைப்பு வழியாகக் காரின் உட்கணினிகள் பேசிக்கொள்ளும் வயர்களை அடைந்து, ‘உரிய சாவி வந்துவிட்டது’ என்ற போலிச் செய்தியைப் புகுத்தும் கருவிகள் விற்கப்படுவதை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் ஒன்று, கையில் எடுத்துச் செல்லும் சிறிய ஒலிபெருக்கியின் உறைக்குள் மறைக்கப்பட்டிருந்தது.

சாவியின் அழைப்பைக் கடத்தும் திருட்டைத் தவிர்க்க வழிகள் உண்டு. மலைச்சரிவில் வீதியோரம் அமைந்த வீடுகளில் காருக்கும் முன்வாசலுக்கும் இடையே சில மீற்றரே இருப்பதால், வாசலருகே ஆணியில் சாவியைத் தொங்கவிடும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. இறுக மூடும் தகரப் பெட்டி அலைகளைப் பெரும்பாலும் தடுக்கும். டொயோட்டாவின் பல சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரு தடவை அழுத்தினால் சாவி உறங்கும் நிலைக்குப் போய், காரின் அழைப்புக்குப் பதில் தராது. ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புத் தடி பழையதாயினும் எந்த அலையாலும் ஏமாறாது. களு கங்கை பெருகும் இரத்தினபுரிப் பிரதேசத்தில் பாவித்த காரை வாங்குவோர், வெள்ளநீர் உள்ளே ஏறி இலத்திரனியல் பெட்டிகளைத் தொட்டதா என்று பார்ப்பதோடு, இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றுதான் தரப்படுகிறதென்றால், அந்தக் காரின் நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதை நம்பிக்கையான கராஜில் கணினியை இணைத்துப் பார்த்து, கையில் இல்லாதவற்றை அழித்து, புதிய இரண்டாவது சாவியைப் பதிந்துகொண்ட பின்பே விலையைப் பேசி முடிக்க வேண்டும்.