ஹொக்கி ஆட்டமும் உடல் வலுவும்

வலிமை, வலு என்னும் இரண்டையும் மாணவர் பலர் ஒன்றெனவே கருதுவர். பௌதிகவியலோ அவற்றை வேறு பிரித்துக் காட்டுகின்றது. பெருஞ்சுமையைத் தாங்க வல்லது வலிமை. அவ்வலிமையைக் குறுகிய நேரத்தில் வெளிப்படுத்த வல்லது வலு. 60 கிலோகிராம் நிறையுள்ள இளைஞன் ஒருவன் அரை மீற்றர் உயரம் துள்ளுவானாயின், அவன் கால்கள் ஆற்றும் வேலை ஏறத்தாழ 300 யூல் ஆகும். நிலத்தை உதைக்கும் நேரம் கால் செக்கனாயின், வலு 1,200 உவாற்று. அஃதாவது ஒன்றரைக் குதிரைவலுவினும் மிகுதி. அதே உயரத்தை மெல்லப் படியேறிக் கடப்பவனுக்கு இதில் ஒரு சிறு பங்கே போதும்.

ஹொக்கி வீரனுக்கு இன்றியமையாதது இவ்வலுவே. திடலின் நீளம் 91.4 மீற்றராயினும், அதனை ஒரே மூச்சில் ஓடிக் கடக்கும் தேவை அவனுக்கு அரிதாகவே நேரும். சில அடி பாய்தல், சடுதியாக நிற்றல், திசை திரும்புதல், குனிந்தவாறே மட்டையை வீசுதல் என்பனவே அவன் தொழில். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் செயற்கைப் புற்றரை புகுந்தபின் ஆட்டம் மேலும் விரைவுற்றது. அதற்குமுன் ஏழு முறை தங்கம் வென்ற இந்தியா அவ்வாண்டில் ஏழாம் இடத்தையே எய்தியது. கைத்திறன் ஒன்றே போதாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, வலு வளரும் வகையை நோக்குவோம். தசையானது சுருங்குமுன் சற்றே இழுபடின், தசைநாண் வில்லின் நாண்போலச் சத்தியைச் சேமித்து உடனே மீளத் தருகின்றது. தாமதிப்பின் அச்சத்தி வெப்பமாய் வீணாகும். சோவியத் நாட்டு யூரி வெர்கொசான்ஸ்கி 1960களில் ஆராய்ந்து பரப்பிய பயிற்சி இவ்வுண்மையையே அடியாகக் கொண்டது: மேடையினின்று குதித்து, நிலந் தொட்டவுடன் மேலெழுதல்.

இத்தகைய வலு நம்மவர்க்கு எட்டாததன்று. யாழ்ப்பாணம் பெரியவிளானிற் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் தங்கத்தை ஈட்டித் தந்தார்.

கப்பல்துறை போன்ற இடத்துப் பாடசாலைக்குச் செயற்கைத் திடலும் இரும்புப் பொறிகளும் இல்லையே எனச் சிலர் இரங்குவர். திருகோணமலைக் கடற்கரை மணல் நம்மிடம் உண்டு. மணலிற் பாய்வது மூட்டுகளைத் தாக்காது கால்வலிமையை வளர்க்கும். ஆயின் மணல் சத்தியை விழுங்குமாதலின், விரைந்து மீளுந் திறனுக்கு உறுதியான புற்றரையும் வேண்டும். நம் கிளித்தட்டோ பாய்ச்சல், தரிப்பு, திசைமாற்றம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயிற்றுவது. மணல் நிரப்பிய பையை இடுப்பைத் திருப்பி எறிதல் மட்டை வீச்சுக்கு வலுவூட்டும்.

ஆசிரியர் மறவாதிருக்க வேண்டியன சிலவுள. திடலைப் பலமுறை சுற்றி ஓடச் செய்தல் தாங்குதிறனையே வளர்க்கும், வலுவை வளர்க்காது. முழு முயற்சியிற் பயன்படும் தசைச் சத்தி ஏறத்தாழப் பத்துச் செக்கனிற் குன்றும். அது மீள நிரம்ப இரண்டு மூன்று நிமிடம் செல்லும். ஆதலின் இடைநடுவே ஓய்வளித்தல் சோம்பலுக்கு இடங்கொடுத்தலாகாது. அதுவும் பயிற்சியின் ஒரு கூறே. முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் மெல்லென இறங்கக் கற்றபின்னரே துள்ளல் பயிற்றப்படுதல் வேண்டும். வளரும் சிறாரை உயர்ந்த மேடையினின்று குதிக்க விடுதல் தகாது.

களைத்து விழுமளவும் மாணவனை வருத்துதல் பயிற்சியன்று. உடலின் இயல்பறிந்து அளவோடு பழக்குதலே பயிற்சி. பொருள்வளம் குன்றிய பாடசாலையும் இவ்வறிவாற் குறைவிலாதாகலாம்.