கண்ணில் விழுந்த உமி ஏன் ஆபத்து?

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளைகிறது. நெல் தூற்றும்போது கண்ணில் விழும் உமி, பட்டறையில் தெறிக்கும் இரும்புத்துகளைவிட அற்பமாகத் தோன்றும். ஆனால் விழுந்த பொருளின் கடினத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது எதைச் சுமந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரும்புத்துகள் துருக்கறை படியவைக்கும். வேகமாகத் தெறித்தால் கண்ணையே துளைக்கும். தொன்னைபோல் குழிந்த உமியோ, குழிவான பக்கத்தால் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். கருவிழியின் தடிமன் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோல் கீறினால், பயிரிலும் மண்ணிலும் வாழும் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் உள்ளே இறங்கும். புண் சில நாள் கழித்தே தலைகாட்டும்.

'தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் விட்டு ஆறவில்லையா?' என்று கேட்கலாம். அப்படி ஆறியவை கிருமி புகாத கீறல்கள். அவை தாமாகவே ஓரிரு நாளில் ஆறக்கூடியவை. மருந்துக்கடைச் சொட்டு மருந்து போதாதா என்றால், அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு தணியும், பூஞ்சையோ பெருகும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்த 323 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், வோரிகோனசோல், நேட்டாமைசின் என்ற இரு பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்துகளில் நேட்டாமைசினே நல்ல பலன் தந்தது. பூஞ்சை எனக் கண்டறிந்தால்தானே அதைத் தர முடியும்? ஆகவே, கண்ணைக் கசக்காதீர்கள். சுத்தமான நீரால் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.