கண்டலும் நெல்லும்

நம் உப்பளங்களின் ஓரத்தில், புல்கூட முளைக்காத மண்ணில் உமரிச் செடி மட்டும் பசுமையாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலோ கண்டல் மரங்கள் உப்புநீரிலேயே வேரூன்றி நிற்கின்றன. ஆனால் ஆற்றில் நீர் குறைந்த ஓர் ஆண்டில், முக்காணியிலுள்ள என் தாத்தாவின் வயலில் உப்புநீர் ஏறியபோது, நெற்பயிர் நுனி கருகிப் பாதிக்குமேல் பதராகிவிட்டது. கண்டலுக்குள்ள வலிமை நெல்லுக்கு ஏன் இல்லை?

வலிமைக்குச் செலவு உண்டு என்பதே விடை. வெண்கண்டலின் வேர் உப்பின் பெரும்பகுதியை வெளியிலேயே தடுத்துவிடும். மீறி நுழைந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றும். (இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். நான் நக்கிப் பார்த்தேன்!) இதற்கெல்லாம் மரம் தன் வளர்ச்சிக்காகச் சமைத்த உணவே செலவாகிறது. ஆகவேதான் உப்பு மிகுந்த இடத்தில் அதே மரம் குட்டையாகிப் புதர்போல் நின்றுவிடுகிறது.

இச்செலவை எப்போது செய்வது என்பதை முடிவு செய்பவை மரபணுக்கள். அவற்றுள் சில, பல மரபணுக்களை ஒன்றாக இயக்கும் மெயின் சுவிட்சு போன்றவை. 1999-ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் அத்தகைய மரபணு ஒன்றை எந்நேரமும் இயங்கும்படி செய்தனர். செடி வறட்சியையும் உப்பையும் உறைகுளிரையும் தாங்கியது, ஆனால் குள்ளமாகிவிட்டது. பின்பு, துன்பம் வரும்போது மட்டும் இயங்கும்படி அதை மாற்றி அமைத்தனர். வளர்ச்சியும் குன்றவில்லை, தாங்கும் சக்தியும் இருந்தது! பகலெல்லாம் விளக்கை எரியவிட்டால் அம்மா திட்டுவதன் காரணம் செடிக்கும் தெரியும் போலும்.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடக்கிறது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டலின் மரபணு ஒன்றைப் பாஸ்மதி நெல்லில் புகுத்தி, அது உப்பை மேலும் தாங்குவதை 2008-இல் வெளியிட்டனர். 2025-இல் அறிவிக்கப்பட்ட ‘பூசா டி.எஸ்.டி. நெல் 1’ வேறு வழியில் உருவானது. நெல்லிலேயே உப்பு, வறட்சி தாங்கும் சக்தியை அடக்கிவைக்கும் ஒரு மரபணு உண்டு. அதைத் திருத்திச் செயலிழக்கச் செய்தனர்.

இதையெல்லாம் தாத்தாவிடம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: “அதெல்லாம் சரிதாம்ளா. ஆத்துல நல்ல தண்ணி வர்ற வருசத்துல மகசூல் கொறையாதுல்லா?”

சிஸ்டரிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.